எனக்கு மாவுக்கட்டு, மச்சினனுக்கு பூட்ஸ்

இரண்டு பேரும் ஒரே பலகையிலிருந்து, ஒரே நேரத்தில், ஒரே மண்ணில்தான் விழுந்தோம். எனக்கு வலது கணுக்கால் உடைந்தது, என் மச்சினனுக்கு இடது. ஆக, எங்கள் இரண்டு பேருக்கும் சேர்த்து ஒரு ஜோடி நல்ல கால் மிச்சம் இருந்தது. ஆம்புலன்ஸில் வைத்தே இதைக் கண்டுபிடித்துச் சொன்னவள் என் மனைவி. அவளுக்கு ஒரு பக்கம் புருஷன், இன்னொரு பக்கம் தம்பி. அழுவதா சிரிப்பதா என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்துகொண்டு வந்தாள்.

நாங்கள் கட்டடங்களுக்கு வெளிப்பக்கம் பெயிண்ட் அடிக்கிறவர்கள். மொட்டைமாடியிலிருந்து இரண்டு கயிறு தொங்கும், கயிறுகளில் ஒரு பலகை. பலகையின் ஒரு முனையில் நான், மறுமுனையில் அவன். பார்க்கிறவர்களுக்கு இது இரண்டு ஆள் தனித்தனியாகச் செய்கிற வேலை மாதிரித் தெரியும். அப்படியில்லை. நான் ரோலரை எட்டி நீட்டினால் அவன் கொஞ்சம் பின்னுக்குச் சாய வேண்டும். அவன் சுவர் விரிசலில் பட்டி பூசக் குனிந்தால் நான் நிமிர வேண்டும். வாயைத் திறந்து சொல்லிக்கொண்டெல்லாம் இருக்க முடியாது. கயிற்றில் முடிச்சுப் போடுவது ஒருவன் என்றால், அதைப் பிடித்துத் தொங்கிச் சோதித்துப் பார்ப்பது மற்றவன். இத்தனை வருஷத்தில் அவன் சாய்வது எனக்குத் திரும்பிப் பார்க்காமலே தெரியும்.

அன்றைக்கு வேலை முடித்து இறங்கிக்கொண்டிருந்தோம். குதித்துவிடலாம் போல் தோன்றுகிற உயரத்துக்கு வந்துவிட்டோம். அவன் பக்கத்து முடிச்சு நழுவியது. அவ்வளவுதான், பலகை சரிந்து இரண்டு பேரும் நின்றவாக்கிலேயே போய் இறங்கினோம். இன்னும் ஒரு மாடி மேலே இருந்திருந்தால் இந்தக் கதையைச் சொல்ல வேறு ஆள் பார்த்திருக்க வேண்டும்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கும் அறைக்கு வெளியே எங்கள் இரண்டு பேரையும் ஸ்ட்ரெச்சரில் வரிசையாகப் போட்டிருந்தார்கள். நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன். தூங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு அவன் தன் அக்காவிடம் மெதுவாகச் சொன்னான். இனிமேல் பலகை ஏறப்போவதில்லையாம். கூட்டாளி ஒருவன் செல்போன் கடை வைத்திருக்கிறான், ரொம்ப நாளாகக் கூப்பிடுகிறான், அங்கே போய்விடப் போகிறானாம். கால் உடைந்தபோது வராத பயம் எனக்கு அப்போதுதான் வந்தது. அவன் போய்விட்டால் அந்த மறுமுனையில் யாரை நிறுத்துவேன்? ஆள் கிடைக்காமல் இல்லை. கிடைக்கிற ஆள் யாரும் அவன் இல்லையே.

இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. கெஞ்சுகிற வழக்கம் எங்கள் பரம்பரையிலேயே கிடையாது என்று என் மனைவி சொல்வாள். அதைப் பாராட்டாகச் சொல்கிறாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

எலும்பு டாக்டர் வந்தார். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, இரண்டு உடைப்பும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கிறது, ஆபரேஷன் வேண்டாம், எலும்பு இடம் மாறவில்லை என்றார். பிறகு எங்களிடம் ஒன்று கேட்டார். இந்த மாதிரி உடைந்த காலுக்கு இரண்டு வைத்தியம் இருக்கிறது. ஒன்று, பழைய மாவுக்கட்டு. போட்டால் சில வாரத்துக்குக் கால் அசையாது. இன்னொன்று, கழற்றி மாட்டுகிற பூட்ஸ். தினமும் நாலைந்து வேளை கழற்றி, காலை மேலும் கீழும் ஆட்டிப் பயிற்சி செய்யலாம். இரண்டும் நல்ல வைத்தியம்தான், இரண்டையும் வருஷக்கணக்காகச் செய்கிறோம். எது கூட நல்லது என்பதுதான் கேள்வி.

"எதுங்க டாக்டர் நல்லது?" என்றேன்.

"தெரியாது. அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்த ஆராய்ச்சி" என்றார்.

எனக்கு அந்த மனுஷனைப் பிடித்துப்போனது அந்த ஒரு வார்த்தையால்தான். எங்கள் தொழிலில், இந்தப் பெயிண்ட் எத்தனை வருஷம் தாங்கும் என்று வீட்டுக்காரர் கேட்டால், கண்ணைக்கூடச் சிமிட்டாமல் பத்து வருஷம் என்போம். தெரியாது என்று சொல்ல எனக்கு இதுவரை துணிச்சல் வந்ததில்லை. இவ்வளவு படித்தவர் இவ்வளவு சுலபமாகச் சொல்கிறாரே என்று, விவரம் முழுசாகக் கேட்பதற்கு முன்பே சரி என்று தலையாட்டிவிட்டேன். மச்சினனும் ஆட்டினான்.

முழு விவரத்தையும் சொன்னவர் ஆராய்ச்சி நர்ஸ். வேறு நர்ஸ்கள் ஓடிக்கொண்டே பேசுவார்கள். இவர் ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்துதான் பேசுவார். யாருக்கு எது என்று டாக்டர் முடிவு செய்யமாட்டார், நர்ஸும் செய்யமாட்டார், கம்ப்யூட்டர் சீட்டுக் குலுக்கிப் போடும். டாக்டர் கையில் விட்டால், தெம்பானவனுக்கு பூட்ஸ், சோர்ந்தவனுக்கு மாவுக்கட்டு என்று அவரையறியாமல் கொடுத்துவிடுவாராம். அப்புறம் தெம்பு ஜெயித்ததா பூட்ஸ் ஜெயித்ததா என்று யாருக்குத் தெரியும்? கடைசியில் எங்கள் காலை அளந்து பார்க்கிற அம்மாவுக்குக்கூட யாருக்கு எது என்று தெரியக் கூடாது. அவரிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது. பிடிக்கவில்லை என்றால் எப்போது வேண்டுமானாலும் விலகிக்கொள்ளலாம், வைத்தியத்தில் ஒரு குறையும் வராது. எல்லாம் கேட்டுக் கையெழுத்துப் போட்டோம்.

கம்ப்யூட்டர் எனக்கு மாவுக்கட்டு கொடுத்தது. மச்சினனுக்கு பூட்ஸ்.

சீட்டு என்றால் அப்படித்தான், இதில் வருத்தப்பட என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். மாவுக்கட்டுக்குள் கால் அரிக்க ஆரம்பித்த பிறகு கேளுங்கள். அரிப்பு என்றால் சாதாரண அரிப்பில்லை. ஸ்கேலை உள்ளே விட்டுச் சொறியலாம் என்று பார்த்தால், தோல் புண்ணாகிவிடும் என்று ஆராய்ச்சி நர்ஸ் முன்கூட்டியே சொல்லிவைத்திருந்தார். என் மனைவி வீட்டில் இருந்த ஸ்கேலையெல்லாம் எடுத்து ஒளித்துவிட்டாள்.

அவளுக்கு வேலை சுலபமாக இருக்கட்டும் என்று கூடத்தில் இரண்டு கட்டிலைப் போட்டு எங்களைப் பக்கம் பக்கமாகப் படுக்க வைத்திருந்தாள். அவன் கல்யாணம் ஆகாதவன், எங்களோடுதான் இருக்கிறான். நான் என் பாட்டுக்குக் கட்டைக் காலை நீட்டிக்கொண்டு கிடப்பேன். பயிற்சி வேளை வந்ததும் அவன் ஊன்றுகோலை எடுப்பான், தத்தித் தத்திப் பின்னறைக்குப் போவான், கதவைச் சாத்திக்கொள்வான். உள்ளே அவன் பூட்ஸைக் கழற்றி, காற்றாட விட்டு, சொறிந்து, ஆட்டி, சுகமாக இருப்பதெல்லாம் எனக்குக் கதவைத் தாண்டித் தெரியும். எனக்கு வயிறு எரிந்தது. உள்ளதைச் சொல்வதற்கென்ன, நன்றாகவே எரிந்தது. திரும்பி வரும்போது முகத்தையாவது சாதாரணமாக வைத்துக்கொள்வானா என்றால் அதுவும் இல்லை. குற்றம் செய்தவன் மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு வருவான். எனக்குப் பரிதாபம் வேறு காட்டுகிறான் பார் என்று இன்னும் எரிந்தது.

அதனால் நான் பேச்சைக் குறைத்தேன். அவனும் குறைத்தான். கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் படுத்துக்கொண்டு, எல்லாவற்றையும் அவள் வழியாகவே பேசினோம். உன் தம்பியை டிவி சத்தத்தைக் குறைக்கச் சொல் என்பேன். அக்கா, மாமாவுக்கு ஃபேன் வேண்டுமா என்று கேள் என்பான். ஒரு நாள் அவள் சமையலறையிலிருந்து கரண்டியோடு வந்து, எனக்கு இரண்டு காலும் நன்றாக இருப்பதால்தானே இந்த ஓட்டம் ஓடவிடுகிறீர்கள், நானும் அந்தப் பலகையிலிருந்து விழுந்து தொலைக்கிறேன் என்றாள். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளாமல் சிரித்தோம்.

ஆராய்ச்சி நர்ஸ் அவ்வப்போது போன் செய்வார். வலி எப்படி, வீக்கம் எப்படி என்று விசாரிப்பார். அவனிடம், பயிற்சி நடக்கிறதா என்றும் கேட்பார். நடக்குதுங்க என்பான். போனை வைத்ததும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வான். செல்போன் கடைக் கூட்டாளி ஒரு தடவை நேரிலேயே வந்தான். வந்தவன் எங்கள் இரண்டு கட்டிலுக்கும் நடுவில் உட்கார்ந்து டீ குடித்துவிட்டு, எப்போது கடைக்கு வருகிறாய் என்று கேட்டான். கால் சரியாகட்டும் என்றான் மச்சினன். எனக்கு அந்தக் கூட்டாளியின் முகமே பிடிக்கவில்லை. நல்ல பையன்தான், எனக்குப் பழமெல்லாம் வாங்கி வந்திருந்தான்.

பாதிக் காலம் ஆனபோது எங்களை ஆஸ்பத்திரிக்கு வரச் சொன்னார்கள். எனக்கு எக்ஸ்ரே மட்டும். கட்டைப் பிரிக்கப் போவதில்லை. அவனுக்கு எக்ஸ்ரேயோடு, பயிற்சி சொல்லிக்கொடுத்த பிசியோ பெண்ணும் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் இரண்டு பேருக்கும் எலும்பு நன்றாகக் கூடி வருகிறது என்றார்கள். பிசியோ அறையில் நீளமான பெஞ்சும், சுவரோரம் நாற்காலிகளும் இருந்தன. அவனை பெஞ்சில் உட்கார வைத்தார்கள். நானும் மனைவியும் நாற்காலியில். ஆராய்ச்சி நர்ஸ் வழக்கம்போல ஒரு ஸ்டூலில்.

பிசியோ பெண் பூட்ஸைக் கழற்றி, அவன் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினாள். பாதம் வரவில்லை. கீழே அழுத்தினாள். அதற்கும் அசையவில்லை. அவன் பல்லைக் கடித்துக்கொண்டு மேலே பார்த்தான்.

கட்டுக்குள்ளேயே இருந்த கால் மாதிரி இருக்கிறதே என்று அவள் நர்ஸைப் பார்த்தாள். பிறகு அவனிடம், வீட்டில் எப்படிச் செய்கிறீர்களோ அப்படியே ஒரு தடவை செய்து காட்டுங்கள் என்றாள். அவன் காலைப் பார்த்தான். என்ன செய்ய வேண்டும் என்று அவனுக்குத் தெரியவில்லை. பாதத்தை மேலே கொண்டுபோவதா, பக்கவாட்டில் திருப்புவதா என்று முழித்தான். சொல்லிக்கொடுத்த அன்றைக்குப் பிறகு அவன் அதை ஒரு தடவைகூடச் செய்ததில்லை என்பது எனக்கே புரிந்துவிட்டது.

நர்ஸ் கோபப்படவில்லை. ஸ்டூலைக் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டு, வலித்ததா, பயமாக இருந்ததா என்று கேட்டார். அவன் இரண்டுக்கும் இல்லை என்று தலையாட்டினான். பூட்ஸைக் கழற்றவே இல்லையா என்றதற்கு, குளிக்கும்போது மட்டும் என்றான்.

"பின்ன ஏன்?"

அவன் என் பக்கம் பார்க்காமல் சொன்னான். "மாமா கால் கட்டுக்குள்ள கெடக்குது. நான் மட்டும் எப்படிங்க கால ஆட்டிக்கிட்டு இருக்கிறது?"

"அவர் முன்னாடிதான் செய்யலையே. கதவைச் சாத்திக்கிட்டுத்தானே போனே?" இதைக் கேட்டது என் மனைவி.

"சும்மா உக்காந்திருந்துட்டு வந்துடுவேன்க்கா."

  நான் அந்தப் பின்னறையை நினைத்தேன். பழைய பெட்டிகளும் துணிமூட்டையும் அடைத்துக் கிடக்கிற அறை, உட்காரக்கூட நல்ல இடம் கிடையாது. அங்கே இவன் பூட்ஸைக்கூடக் கழற்றாமல், ஒன்றுமே செய்யாமல், நேரம் போகட்டும் என்று உட்கார்ந்திருந்திருக்கிறான். வெளியே நான் அவன் சுகத்தை நினைத்து வெந்துகொண்டிருந்திருக்கிறேன்.

"முடிச்சு போட்டது நான். ரெண்டு பேரும் விழுந்தோம். இதுல எனக்கு மட்டும் பூட்ஸ்னா, அது நியாயமாப் படல. மாமா அன்னிலேர்ந்து எங்கூடப் பேசறதும் இல்ல" என்றான் அவன்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிச்சா? அதைப் பற்றி நான் நினைத்ததே இல்லை. எங்கள் வேலையில் முடிச்சு என்பது தனி ஆள் சமாச்சாரமே கிடையாது. போட்டவன் ஒருவன், தொங்கிப் பார்த்தவன் ஒருவன், அப்புறம் அது இரண்டு பேருடையது. பலகை விழுந்தது, நாங்கள் விழுந்தோம். அதற்கு மேல் என் மண்டையில் எதுவும் ஓடவில்லை. ஓடியதெல்லாம் பூட்ஸ்தான். நான் பூட்ஸுக்காக மூஞ்சியைத் தூக்கிவைத்துக்கொண்டதை இவன் முடிச்சுக்காக என்று எடுத்துக்கொண்டிருக்கிறான். செல்போன் கடைக்குப் போகிறேன் என்றதும் அந்த முடிச்சை நினைத்துத்தான். இரண்டு முட்டாள்களை ஒரே கூடத்தில் படுக்கப்போட்டால் இதுதான் நடக்கும்.

ஆனால் அதைப் பேசுவதற்குள் எனக்கு வேறொரு பயம் வந்துவிட்டது. இவனை ஆராய்ச்சியிலிருந்து தூக்கிவிடுவார்களோ? சொன்னதைச் செய்யாமல், செய்ததாகப் பொய்யும் சொல்லியிருக்கிறான். அதற்குள் நர்ஸ் கூப்பிட்டு எலும்பு டாக்டரும் வந்துவிட்டார். அவரிடம் நானே கேட்டேன். இவன் பூட்ஸ் போட்டும் மாவுக்கட்டுக்காரன் மாதிரியே இருந்துவிட்டான், இனி இவனை எங்கள் பக்கம் சேர்ப்பீர்களா, இல்லை வெளியே அனுப்புவீர்களா என்று.

டாக்டர் சிரித்தார். "ரெண்டும் இல்ல. சீட்டு எதுல விழுந்துச்சோ, கடைசி வரைக்கும் அவர் அதுலதான். செஞ்சாலும் சரி, செய்யாட்டியும் சரி."

அது எப்படி என்றேன். அவர் பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டு சொன்னார். நாளைக்கு ஒரு டாக்டர் ஒருவருக்கு பூட்ஸைக் கொடுத்து அனுப்புகிறார் என்று வையுங்கள். அவரும் வீட்டுக்குப் போய் ஏதாவது செய்வார், ஏதாவது செய்யாமல் விடுவார். ஒருவருக்குச் சோம்பேறித்தனம், ஒருவருக்கு மறதி, ஒருவருக்கு மாமா. அப்படிப்பட்ட மனிதர்களுக்குக் கொடுத்தால் பூட்ஸ் என்ன பலன் தரும் என்பதுதான் எங்களுக்குத் தெரிய வேண்டும். ஒழுங்காகச் செய்தவர்களை மட்டும் எண்ணினால் நாங்கள் எங்களையே ஏமாற்றிக்கொள்கிறோம். ஆகவே நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்வோம், யாரையும் விடமாட்டோம். இவ்வளவும் சொல்லிவிட்டு மச்சினனின் தோளைத் தட்டினார். ஆராய்ச்சி கெட்டுப்போகாது தம்பி, உங்கள் கால்தான் கெட்டுப்போகும், இன்றைக்கே ஆரம்பியுங்கள் என்றார்.

செய்தாலும் செய்யாவிட்டாலும் ஆளை விடமாட்டோம் என்று அவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. குடும்பத்தை விட்டால் இப்படி எண்ணுகிற வேறொரு இடம் இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

வாடகை வண்டியில் திரும்பும்போது மனைவி முன்னால் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். வேண்டுமென்றேதான் அப்படிச் செய்தாள். பின்னால் நாங்கள் இரண்டு பேரும், எங்கள் இரண்டு உடைந்த காலும், நாலு ஊன்றுகோலும். கொஞ்ச தூரம் போனதும் நான்தான் ஆரம்பித்தேன்.

"மாப்ள, அந்த முடிச்சப் புடிச்சுத் தொங்கிப் பாத்தது யாரு?"

"நீங்க."

"நான் நல்லாருக்குன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"அப்ப அது எப்படிடா உன் முடிச்சு? எம் முடிச்சையும் சேத்து நீ ஒருத்தனே எடுத்துக்குவியா?"

அவன் வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். திரும்பாமலே, அப்புறம் ஏன் என்னோடு பேசவில்லை என்று கேட்டான். நான் சொல்லிவிட்டேன். பூட்ஸ் மேல் பொறாமை என்றேன். உனக்குக் காற்றாட இருக்கிறதே, எனக்கு அரிக்கிறதே என்று வயிற்றெரிச்சல் என்றேன். முன் சீட்டில் என் மனைவியின் தோள் குலுங்குவது தெரிந்தது. அப்புறம் டிரைவரும் சிரித்தார். கடைசியில் அவனும் சிரித்துவிட்டான். ஆனால் செல்போன் கடையைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்டால் கெஞ்சுவது மாதிரி ஆகிவிடும்.

அதற்குப் பதிலாக அவன் காலை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன். விட்டேனா பார் என்று பிடித்தேன். பின்னறைக் கதவுக்குப் பூட்டுப் போடச் சொன்னேன். இனி எல்லாம் கூடத்தில், என் கண் முன்னால். பாதத்தை மேலே கொண்டுவா, இன்னும் மேலே, நிறுத்து, கீழே. அவனுக்கு வலித்தது. இறுகிப்போன கால் சும்மா வந்துவிடாது. வேண்டாம் மாமா என்பான். வேண்டாம் என்றால் நானே எழுந்து வருவேன் என்பேன். மாவுக்கட்டோடு நான் எழுந்து வருவதைவிடக் காலை ஆட்டிவிடுவது மேல் என்று ஆட்டுவான்.

முதல் இரண்டு நாள் என் கட்டைப் பார்த்துப் பார்த்துத் தயங்கினான். பழைய கூச்சம் முழுசாகப் போகவில்லை. நான் ஆராய்ச்சி நர்ஸுக்கு போன் போட்டுக் கேட்டேன். கட்டுக்கு வெளியே இருக்கிற விரல்களை நான் ஆட்டலாமா என்று. தாராளமாக ஆட்டலாம், எல்லோருக்கும் முதல் நாளே சொன்னதுதானே, நீங்கள் கேட்கவில்லையா என்றார். அன்றிலிருந்து அவன் பாதத்தை ஆட்டும்போதெல்லாம் நான் என் ஐந்து விரல்களையும் ஆட்டினேன். கணுக்காலுக்கு எந்தப் பயனும் கிடையாது. ஆனால் அவன் தனியாக ஆட்டவில்லை அல்லவா? அதற்குப் பிறகு அவன் என் கட்டைப் பார்க்கவே இல்லை. கூடத்துக்கு வந்த பக்கத்து வீட்டுக்காரர், இரண்டு ஆம்பிளைகள் பக்கம் பக்கமாகப் படுத்துக்கொண்டு காலை ஆட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு வருகிறேன் என்று போய்விட்டார்.

கட்டைப் பிரித்த நாளைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ரம்பம் மாதிரி ஒரு கருவி கிர்ரென்று சுற்றியது. உள்ளேயிருந்து வந்த கால் என்னுடையது மாதிரியே இல்லை. சூம்பி, வெளுத்து, ப்ரைமர் மட்டும் அடித்து விட்ட சுவர் மாதிரி இருந்தது. முதல் வேலையாக ஆசை தீரச் சொறிந்தேன். இந்த உலகத்தில் அதற்கு இணையான சுகம் எனக்குத் தெரிந்து கிடையாது. பிறகு எனக்கும் பயிற்சி ஆரம்பித்தது. இப்போது கட்டளை போடுகிற முறை அவனுடையதாயிற்று. பழிக்குப் பழி வாங்கினான். மாமா, இன்னும் மேலே, நிறுத்தாதீர்கள் என்று டீயைக் குடித்துக்கொண்டே மிரட்டினான். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்த காலம் அது. இரண்டு பேருக்கும் கால் சரியாகிக்கொண்டே வந்தது. எனக்கு மட்டும் ஒரு முள் உறுத்திக்கொண்டே இருந்தது. கால் சரியாகட்டும் என்றுதானே அந்தக் கூட்டாளியிடம் சொல்லியிருந்தான்? சரியாகிவிட்டதே.

ஊன்றுகோல் இல்லாமல் நடக்க ஆரம்பித்துக் கொஞ்ச நாள் ஆன பிறகு, கடைசி அளவெடுப்புக்கு அழைத்தார்கள். வராந்தாவிலேயே ஆராய்ச்சி நர்ஸ் எங்களை நிறுத்தினார். உள்ளே இருக்கிற அம்மாவுக்கு உங்களில் யார் பூட்ஸ், யார் மாவுக்கட்டு என்று தெரியாது. தெரிந்தால் அவர் கை அவரை அறியாமலே ஒரு பக்கம் கூடக் குறைய அளந்துவிடும். ஆகவே வாயைத் திறக்காதீர்கள் என்றார். குறிப்பாக என்னைப் பார்த்துச் சொன்னார். அது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும், சொல்லக் கூடாது என்று சொன்ன நிமிஷத்திலிருந்து அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நாக்கு துடித்தது வாஸ்தவம்தான்.

அளக்கிற அம்மா உயரமாக, சிரிக்காத முகத்தோடு இருந்தார். கையில் ஒரு கருவி. ஜாமெட்ரி பாக்ஸில் இருக்குமே பாகைமானி, அதற்கு இரண்டு கை முளைத்த மாதிரி. அறை நடுவில் ஒரு திரை தொங்கியது. என்னைத் திரைக்கு இந்தப் பக்கம் உட்கார வைத்துவிட்டு, முதலில் அவனை அழைத்துக்கொண்டு போனார். மேலே, கீழே, உள்ளே, வெளியே என்று சொல்வது கேட்டது. ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார், குதிகாலைத் தூக்கச் சொன்னார். எவ்வளவு வந்தது, நன்றாக வந்ததா என்று ஒன்றும் சொல்லவில்லை. எது ஜெயித்தது, பூட்ஸா மாவுக்கட்டா என்பது எங்களை மாதிரி இன்னும் நிறையப் பேரை அளந்து முடித்த பிறகுதான் தெரியும் என்று நர்ஸ் முன்பே சொல்லியிருந்தார். எனக்கு அது தெரிந்து ஆக வேண்டியதில்லை.

அளந்து முடிந்ததும் கேள்விகள். படி ஏறினால் வலிக்கிறதா, ஓட முடிகிறதா, காலையில் எழுந்ததும் இறுக்கமாக இருக்கிறதா. அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொல்லிக்கொண்டு வந்தான். அப்புறம் அவர் கேட்டார்.

"அடிபடறதுக்கு முன்னாடி செஞ்ச வேலைக்கே திரும்பப் போறீங்களா?"

நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன்.  வீட்டில் இத்தனை நாள் நான் கேட்கத் துணியாததை, யாரோ ஒரு அம்மா, சிரிக்காத முகத்தோடு, பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டுவிட்டார்.

"ஆமாங்க" என்றான்.

"அதே வேலையா, இல்ல அதுல கொஞ்சம் லேசான வேலையா?"

"அதே வேலைங்க. அதே பலகை. எங்க மாமாவுக்கு மறுமுனையில வேற ஆள் சரிப்படாது. எனக்கும் சரிப்படாது."

எழுதிக்கொள்கிற சத்தம் கேட்டது. பிறகு திரை விலகி அவன் வெளியே வந்தான். என்னைப் பார்க்காமல் எனக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து செருப்பை மாட்டினான். காது மடல் இரண்டும் சிவந்திருந்தன. நான் எழுந்து உள்ளே போனேன். 

என் காலையும் அளந்தார். ஒற்றைக் காலில் நின்றேன், குதிகாலைத் தூக்கினேன். நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தவர் கையை நிறுத்தினார். கண்ணில் தண்ணீர் வருகிறதே, ரொம்ப வலிக்கிறதா என்று கேட்டார். ஆமாம்மா என்று சொல்லிவிட்டேன். அவர் எழுதப்போனார். எனக்குத் திக்கென்றது. நடந்ததை நடந்தபடி எழுதிக்கொள்கிறவர்கள் இவர்கள். இந்த வயதில் அழுததற்கு வெட்கப்பட்டுக்கொண்டு பொய் வலியை எழுத வைத்தால், அப்புறம் எங்கோ யாரோ ஒருவன் கணுக்காலுக்கு அது தப்பான வைத்தியமாகப் போய்ச் சேரும்.

"எழுதாதீங்கம்மா. வலி இல்ல. சந்தோஷம்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். சரி என்று வலி இல்லை என்பதில் குறியிட்டுவிட்டு, மிச்சக் கேள்விகளையும் வரிசையாகக் கேட்டார். கடைசியில் அதையும் கேட்டார். அடிபடுவதற்கு முன் செய்த வேலைக்கே திரும்பப் போகிறீர்களா?

"போறேன்மா" என்றேன். அந்தச் சின்ன அறைக்கு அவ்வளவு சத்தம் தேவையே இல்லை. ஆனால் நான் பதில் சொன்னது திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தவனுக்கு.